வடக்கு மாகாண சபை தன்னைத்தானே விசாரித்தபோது: நான்கு அமைச்சர்களும் ஓர் அறிக்கையும்

2017 ஜூன் 14, புதன்கிழமை. கைதடியில் உள்ள வடக்கு மாகாண சபைக் கட்டடத்தில் நடைபெற்ற சிறப்பு அமர்வில், முதலமைச்சர் சி.வி. விக்னேஸ்வரன் தனது அமைச்சர்களில் இருவர் பதவி விலக வேண்டும் என்றும் மற்றைய இருவர் ஒரு மாதம் விடுமுறையில் செல்ல வேண்டும் என்றும் அறிவித்தார். அன்றிரவே சபை உறுப்பினர்கள் பலர் ஆளுநர் றெஜினோல்ட் குரேயைத் தேடிச் சென்றனர். சபையின் பாதிக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் கையொப்பமிட்ட, முதலமைச்சருக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணை ஆளுநரின் கையில் கொடுக்கப்பட்டது. ஜூன் 16 வெள்ளிக்கிழமை முதலமைச்சருக்கு ஆதரவாக வடக்கில் ஹர்த்தால். கடைகள் பூட்டப்பட்டன. நல்லூரில் திரண்டவர்கள் முதலமைச்சரின் வாசஸ்தலம் வரை நடந்தனர்.

அதே நாட்களில் கிளிநொச்சியில், கந்தசுவாமி கோயில் முன்றலில், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் கொட்டகை போட்டு அமர்ந்திருந்தார்கள். 2017 பெப்ரவரி 20 அன்று தொடங்கிய அந்தப் போராட்டம் அப்போது நூறு நாட்களைக் கடந்திருந்தது. தங்கள் பிள்ளைகளை என்ன செய்தீர்கள் என்று அவர்கள் கொழும்பைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். போருக்குப் பின் அந்த மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த சபையோ, தன் சொந்த அமைச்சர்களை விசாரித்த அறிக்கையை என்ன செய்வது என்று தெரியாமல் இரண்டாகப் பிளந்திருந்தது.

அந்தப் பிளவைப் பற்றி அன்று எழுதப்பட்டவற்றில் பெரும்பாலானவை யார் பக்கம் நியாயம் என்பதையே பேசின. யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளின் அந்த வாரத் தலைப்புகளை அருகருகே வைத்துப் படித்தால், இரண்டு வெவ்வேறு ஊர்களில் நடந்த சம்பவங்கள் போலத் தோன்றும். இந்தக் கட்டுரை கட்சி அரசியலை முழுவதாகப் பேச முற்படவில்லை. ஓர் அரசாங்கம் தன் சக அமைச்சரின் முறைகேட்டை விசாரிக்கும்போது எவை முன்கூட்டியே தீர்க்கப்பட்டிருக்க வேண்டும், அவை தீர்க்கப்படாததால் என்ன நடந்தது என்பதையே பார்க்கிறது.

சபையும் அமைச்சர்களும்

வடக்கு மாகாண சபைக்கான முதலாவது தேர்தல் 2013 செப்டெம்பர் 21 இல் நடந்தது. 38 ஆசனங்களில் 30 தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்குக் கிடைத்தன. உயர் நீதிமன்றத்திலிருந்து ஓய்வுபெற்ற நீதியரசரான விக்னேஸ்வரன் முதலமைச்சரானார். யாழ்ப்பாண மாவட்டத்தில் அவருக்குக் கிடைத்த விருப்பு வாக்குகள் 1,32,255. அந்த எண்ணிக்கை பின்னர் நடந்த எல்லாவற்றுக்கும் முக்கியமானது. தனக்குக் கிடைத்த ஆணை கட்சியிடமிருந்து வந்ததல்ல, நேரடியாக மக்களிடமிருந்து வந்தது என்று அவர் கருதியதற்கு அதில் ஆதாரம் இருந்தது.

அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 154எஃப் உறுப்புரையின்படி, மாகாண அமைச்சர் சபையில் முதலமைச்சர் தவிர நான்கு பேருக்கு மேல் இருக்க முடியாது. நான்கு கதிரைகள். கூட்டமைப்பிலோ பல கட்சிகள், மாகாணத்திலோ ஐந்து மாவட்டங்கள். விவசாயம், சுற்றாடல் உள்ளிட்ட துறைகள் யாழ்ப்பாணத்தின் பொ. ஐங்கரநேசனுக்கும், கல்வி கிளிநொச்சியின் த. குருகுலராசாவுக்கும், சுகாதாரம் வவுனியாவின் ப. சத்தியலிங்கத்துக்கும், மீன்பிடியும் போக்குவரத்தும் மன்னாரின் பா. டெனீஸ்வரனுக்கும் கொடுக்கப்பட்டன. போர் முடிந்த மண்ணான முல்லைத்தீவுக்கு அந்த முதற் சுற்றில் அமைச்சர் கிடைக்கவில்லை. குருகுலராசாவும் சத்தியலிங்கமும் தமிழரசுக் கட்சியினர். டெனீஸ்வரன் ரெலோ. ஆக, ஒவ்வொரு அமைச்சருக்கும் பின்னால் ஒரு கட்சியும் ஒரு மாவட்டமும் நின்றன. திறமைக்காகத் தெரிவுசெய்யப்பட்ட அமைச்சரை வேலை சரியில்லை என்று மாற்றலாம். பங்கீட்டில் வந்த அமைச்சரை மாற்றினால் பங்கீடே குலையும்.

2016 இல் சபை அமர்வுகளில் அமைச்சர்கள் மீது குற்றச்சாட்டுகள் எழத் தொடங்கின. நிதிப் பயன்பாடு, நியமனங்கள், இடமாற்றங்கள், அதிகாரத்தைத் தனிப்பட்ட முறையில் பயன்படுத்தியமை என்று பலவும் பேசப்பட்டன. குற்றம் சாட்டியவர்கள் எதிர்க்கட்சியினர் மட்டுமல்லர், ஆளும் கூட்டமைப்பின் உறுப்பினர்களே முன்னின்றனர். முதலமைச்சர் நான்கு அமைச்சர்கள் மீதான முறைப்பாடுகளையும் விசாரிக்க மூவர் கொண்ட குழு ஒன்றை நியமித்தார். இருவர் ஓய்வுபெற்ற நீதிபதிகள். ஒருவர் ஓய்வுபெற்ற அரசாங்க அதிபர்.

தன் அமைச்சர்களையே வெளியாரைக் கொண்டு விசாரிக்க முன்வந்த மாகாண முதலமைச்சர்கள் இந்த நாட்டில் மிக அரிது. இந்தக் கட்டுரை அடுத்துச் சொல்லப்போகும் குறைகளெல்லாம், அதைச் செய்யத் துணிந்த ஒருவரின் குறைகள். செய்யாதவர்களுக்கு இந்தக் குறைகள் வர வாய்ப்பே இல்லை.

வராத முறைப்பாட்டாளர்கள்

குழுவின் அறிக்கை 2017 நடுப்பகுதியில் முதலமைச்சரிடம் கையளிக்கப்பட்டு, ஜூன் முற்பகுதியில் சபைக்கு வந்தது. ஐங்கரநேசன், குருகுலராசா ஆகிய இருவர் மீதான சில குற்றச்சாட்டுகள் நிறுவப்பட்டதாகக் குழு கண்டது. இருவரும் பதவி விலக வேண்டும் என்பது பரிந்துரை. ஐங்கரநேசன் தன் மீதான குற்றச்சாட்டுகளை மறுத்தார். இத்தகைய குழுவின் கண்டறிதல் நீதிமன்றத் தீர்ப்பு அல்ல என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும்.

சத்தியலிங்கம், டெனீஸ்வரன் ஆகியோர் விடயத்தில் நிலைமை வேறு. அவர்கள் மீது முறைப்பாடு செய்தவர்கள் விசாரணைக்கு வரவில்லை. சாட்சியம் இல்லாததால் குற்றச்சாட்டுகள் நிறுவப்படவில்லை.

பிரச்சினை முழுவதும் இந்த ஒரு வசனத்தில்தான் தொங்கியது. தமிழரசுக் கட்சியின் வாசிப்பு: குற்றம் நிறுவப்படவில்லை, ஆகவே அவர்கள் நிரபராதிகள், நிரபராதிகளை விடுமுறையில் அனுப்புவது தண்டனை. முதலமைச்சரின் வாசிப்பு: முறைப்பாட்டாளர் வராததால் விசாரணை முடியவில்லை, புதிதாக விசாரிக்க வேண்டும், அதுவரை சாட்சிகள் அச்சமின்றி வர அமைச்சர்கள் கதிரையில் இருக்கக் கூடாது.

இரண்டு வாசிப்பும் தர்க்கத்துக்கு உட்பட்டவையே. ஆனால் முறைப்பாட்டாளர் ஏன் வரவில்லை என்ற கேள்வியைப் பொதுவெளியில் அன்று கேட்டவர்கள் குறைவு. பதில் ஊகிக்கக் கடினமானதல்ல. ஒரு மாகாண அமைச்சின் கீழ் வேலை செய்யும் உத்தியோகத்தர் தன் அமைச்சருக்கு எதிராகச் சாட்சி சொல்ல வேண்டுமானால், மறுநாள் காலை அவர் திரும்பிப் போக வேண்டியது அதே அமைச்சருக்குக் கீழ்ப்பட்ட அலுவலகத்துக்குத்தான். இடமாற்றம், பதவியுயர்வு, ஒப்பந்தப் பணியாளர் என்றால் அடுத்த மாதச் சம்பளம், எல்லாம் அங்கேதான். முறைப்பாட்டாளர் வெளியாள் என்றாலும், சிறிய ஊரில் அமைச்சரின் ஆட்களைச் சந்திக்காமல் ஒரு வாரம்கூட ஓட்ட முடியாது. முதலமைச்சர் அமைத்த குழுவுக்கு, 1948ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க விசாரணை ஆணைக்குழுச் சட்டத்தின் கீழ் ஜனாதிபதி நியமிக்கும் ஆணைக்குழுவுக்கு இருப்பதுபோல், சாட்சிகளை வரச்செய்யும் சட்டப் பலமும் இல்லை. வந்தால் வரலாம், வராவிட்டால் கேட்க ஆளில்லை.

இது நம் மக்களுக்குப் புதிய அனுபவமா? 2010 இல் நியமிக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு முன் சாட்சி சொன்ன தாய்மாரில் பலர், 2013 இல் நியமிக்கப்பட்ட பரணகம ஆணைக்குழு முன்னும் அதே கோவைகளோடு போனார்கள். பிறகு நல்லிணக்கப் பொறிமுறைகளுக்கான கலந்தாலோசனைச் செயலணிக்கும் சொன்னார்கள். சாட்சியமண்டபத்துக்கு வெளியே நின்றவர்கள் யார், வீடு திரும்பிய பின் வாசலுக்கு வந்து விசாரித்தவர்கள் யார் என்பது வன்னியில் எந்தக் கிராமத்திலும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குற்றம் சாட்டப்பட்டவரே விசாரணையை அமைக்கிறார், சாட்சிக்குப் பாதுகாப்பு இல்லை, அறிக்கை வந்தாலும் செயலுக்கு வருவதில்லை என்ற மூன்று காரணங்களைத்தான் தமிழ்த் தரப்பு உள்நாட்டு விசாரணைக்கு எதிராக ஜெனீவாவில் சொல்லி வந்தது. 2017 மார்ச்சில் மனித உரிமைகள் பேரவை இலங்கைக்கு மேலும் இரண்டு ஆண்டு அவகாசம் கொடுத்தபோதும் அதே வாதம் முன்வைக்கப்பட்டது. மூன்று மாதம் கழித்து, அளவில் ஒப்பிடவே முடியாத சின்ன விடயம் ஒன்றில், நம் சொந்தச் சபையில், சாட்சி வராதது குற்றவாளி இல்லை என்பதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது. காட்டியவர்கள், ஜெனீவாவில் அந்த வாதத்தை எழுப்பிய அதே அரசியல் அணியினர்.

ஓர் ஆசிரியருக்கு இருக்கும் நடைமுறை அமைச்சருக்கு இல்லை

நம் வாசகர்களில் அரச உத்தியோகத்தர்கள் அதிகம் என்பதால் ஓர் ஒப்பீடு இலகுவாக விளங்கும். ஓர் ஆசிரியர் மீதோ கிராம அலுவலர் மீதோ பாரதூரமான குற்றச்சாட்டு வந்தால் என்ன நடக்கும் என்பது தாபன விதிக்கோவையின் இரண்டாம் தொகுதியில் எழுதப்பட்டிருக்கிறது. முதலில் பூர்வாங்க விசாரணை. அதில் விடயம் இருக்கிறது என்றால் குற்றப்பத்திரம். அதற்குப் பதிலளிக்கக் கால அவகாசம். பிறகு முறையான ஒழுக்காற்று விசாரணை. அவர் பதவியில் இருப்பது விசாரணைக்கு இடையூறு என்று கருதப்பட்டால் பணி இடைநிறுத்தம். அது தண்டனை அல்ல, குற்றமற்றவர் என்று கண்டால் திரும்பி வருவார். தண்டனை கிடைத்தால் மேன்முறையீடு செய்ய இடமுண்டு. இந்த நடைமுறை இழுபடும், சிலவேளை பழிவாங்கவும் பயன்படும், அது வேறு கதை. ஆனால் எந்தக் கட்டத்தில் என்ன நடக்கும் என்பது குற்றம் சாட்டப்பட்டவருக்கும் தெரியும், சாட்டியவருக்கும் தெரியும்.

மாகாண அமைச்சருக்கு இப்படி எதுவும் இல்லை. விசாரணை எப்போது தேவை, யார் நடத்துவது, அதுவரை அவர் பதவியில் இருப்பாரா, அறிக்கை யாருக்குச் சொந்தம், மேன்முறையீடு எங்கே என்ற எந்தக் கேள்விக்கும் முன்கூட்டி எழுதப்பட்ட விடை இருக்கவில்லை. எல்லா விடையும் முதலமைச்சரின் தீர்மானத்தில் விடப்பட்டது. குழுவை நியமித்தவர் அவர். அறிக்கையைப் பெற்றவர் அவர். தண்டனையைத் தீர்மானித்தவரும் அவர். அவருடைய பொறுப்பில் இருந்த துறைகள் விசாரணைக்கு உட்படவில்லை. வாழ்நாள் முழுவதும் நீதிமன்றத்தில் இருந்த ஒருவருக்கு, தன் வழக்கில் தானே நீதிபதியாகக் கூடாது என்ற விதியை யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. அமைச்சர் சபை கூட்டாகச் சபைக்குப் பொறுப்புச் சொல்ல வேண்டும் என்று 154எஃப் உறுப்புரையே கூறும்போது, அந்தக் கூட்டின் தலைவர் மட்டும் அதற்கு வெளியே நின்று தீர்ப்புச் சொல்வது எப்படி என்ற கேள்வியை அவருடைய எதிரிகள் எழுப்பினார்கள். எழுப்பியவர்களின் நோக்கம் எதுவாயினும் கேள்வி நியாயமானது.

என் பார்வையில் முதலமைச்சரின் பெரிய பிழை, 2017 ஜூன் 14 இல் சொன்ன விடுமுறையை 2016 இல் சொல்லாததுதான். குழுவை நியமித்த அன்றே நான்கு அமைச்சர்களையும் விடுமுறையில் இருக்கக் கேட்டிருந்தால், அது நால்வருக்கும் சமமாக இருந்திருக்கும். யாரும் தன்னைக் குறிவைத்ததாகச் சொல்லியிருக்க முடியாது. முறைப்பாட்டாளரும் வந்திருக்கக் கூடும். விசாரணை முடிந்து, இருவர் மீது எதுவும் நிறுவப்படவில்லை என்று தன் குழுவே எழுதிய பிறகு அவர்களை விடுமுறையில் அனுப்பியபோது, சரியான நடவடிக்கை தண்டனையின் தோற்றத்தைப் பெற்றுவிட்டது.

இரவோடு இரவாக ஆளுநரிடம்

மறுதரப்பு அதைவிடப் பெரிய பிழையைச் செய்தது. முதலமைச்சரின் முடிவு பிழை என்றால் அதைச் சபையில் விவாதித்திருக்கலாம். அறிக்கையை வரிக்கு வரி எடுத்துப் பேசியிருக்கலாம். அதற்குப் பதிலாகப் பிரேரணை ஆளுநரிடம் போனது. சட்டப்படி அதற்குக் காரணம் சொல்ல முடியும்: சபையின் பெரும்பான்மை ஆதரவு யாருக்கு என்று கருதி முதலமைச்சரை நியமிப்பவர் ஆளுநர். ஆனால் அந்தச் சபை எதற்காக வாதாடி வந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆளுநராக இருந்த ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் ஜி.ஏ. சந்திரசிறியை மாற்றக் கோரித் தீர்மானம் நிறைவேற்றிய சபை அது. ஜனாதிபதியால் நியமிக்கப்படும் ஆளுநரின் கையில் மாகாணத்தின் குடுமி இருக்கக் கூடாது என்பதைத் தொடக்கம் முதல் சொல்லி வந்த அரசியல் அது. 2015 பெப்ரவரி 10 இல் இனப்படுகொலைத் தீர்மானத்தை நிறைவேற்றிய சபையும் அதுவே. அதே சபையின் உறுப்பினர்கள், தங்கள் வீட்டுப் பிரச்சினையைத் தீர்த்துவைக்கும்படி இரவில் கொழும்பின் பிரதிநிதியிடம் போய் நின்றார்கள்.

ஹர்த்தாலும் கூட்டங்களும் நடந்தன. முதலமைச்சர் இணைத்தலைவராக இருந்த தமிழ் மக்கள் பேரவை அவர் பின்னால் நின்றது. தெருவில் இறங்கிய இளைஞர்களில் பெரும்பாலானோர் அந்த அறிக்கையைப் படித்திருக்க வாய்ப்பில்லை. அவர்களுக்கு அது கூட்டமைப்பின் தலைமைக்கு எதிரான கோபத்தைக் காட்டும் சந்தர்ப்பம். மறுபக்கத்தில் இருந்தவர்களுக்கோ அது முதலமைச்சரை அகற்றும் சந்தர்ப்பம். அமைச்சுகளில் உண்மையில் என்ன நடந்தது, எவ்வளவு பணம், எந்த நியமனம் என்ற விபரங்கள் இரண்டு நாட்களுக்குள் பேச்சிலிருந்து மறைந்தன.

பிறகு கடிதங்கள். கூட்டமைப்பின் தலைவர் இரா. சம்பந்தனும் விக்னேஸ்வரனும் மாறி மாறி எழுதினார்கள். குற்றம் நிறுவப்படாதவர்கள் மீது நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பது சம்பந்தனின் நிலைப்பாடு. அவ்விருவரும் புதிய விசாரணையில் தலையிட மாட்டார்கள் என்ற உத்தரவாதம் கிடைத்தால் விடுமுறையைப் பற்றி மீள யோசிக்கலாம் என்பது முதலமைச்சரின் பதில். மதத் தலைவர்கள் நடுவில் வந்தனர். விடுமுறை நிபந்தனை கைவிடப்பட்டது, பிரேரணை மீளப்பெறப்பட்டது. ஐங்கரநேசனும் குருகுலராசாவும் பதவி விலகினர். ஜூன் இறுதியில் அனந்தி சசிதரனும் க. சர்வேஸ்வரனும் அமைச்சர்களாகப் பதவியேற்றனர்.

சமரசம் வந்ததில் பலருக்கும் நிம்மதி. ஆனால் எது சமரசம் செய்யப்பட்டது என்று பார்த்தால், சாட்சிகள் அச்சமின்றி வருவதற்கான அந்த ஓர் ஏற்பாடுதான். நம்பிக்கையில்லாப் பிரேரணை சபையில் விவாதத்துக்கு வரவேயில்லை. வந்திருந்தால், அறிக்கையின் உள்ளடக்கத்தையும் அதோடு சேர்த்து இரு தரப்பும் மக்கள் முன் பேச வேண்டி வந்திருக்கும்.

யார் நீக்கலாம்?

கதை அங்கே முடியவில்லை. 2017 ஓகஸ்டில் சத்தியலிங்கம் பதவி விலகினார். அதே மாதம் முதலமைச்சர் டெனீஸ்வரனை அமைச்சுப் பதவியிலிருந்து நீக்கினார். ரெலோ தலைமை அதற்குள் டெனீஸ்வரனோடு முரண்பட்டிருந்தது. ஞா. குணசீலனும் க. சிவநேசனும் அமைச்சர்களானார்கள். விசாரணைக் குழுவில் குற்றம் நிறுவப்படாத ஒருவர் கடைசியில் நீக்கப்பட்டார். அதுவும் விசாரணையின் பெயரிலா, கட்சியின் பெயரிலா என்பது தெளிவில்லாமல்.

டெனீஸ்வரன் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார். அவருடைய கேள்வி எளிமையானது: முதலமைச்சருக்கு அமைச்சரை நீக்கும் அதிகாரத்தைக் கொடுத்தது யார்? 154எஃப் உறுப்புரையின் 5ஆம் பந்தி, முதலமைச்சரின் ஆலோசனையின் பேரில் ஆளுநர் ஏனைய அமைச்சர்களை நியமிக்க வேண்டும் என்கிறது. நீக்குவது பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. மத்திய அமைச்சர்களுக்கு அப்படியல்ல. 19ஆவது திருத்தத்தின் பின் இருந்த ஏற்பாட்டின்படி பிரதமரின் ஆலோசனையின் பேரில் ஜனாதிபதி அமைச்சரை நீக்கலாம் என்று எழுத்திலேயே இருந்தது. டெனீஸ்வரன் நீக்கப்பட்ட அதே ஓகஸ்டில் கொழும்பில் நீதி அமைச்சர் விஜயதாச ராஜபக்ஷ நீக்கப்பட்டபோது, நீக்கியவருக்கு அதிகாரம் உண்டா என்று யாரும் வழக்குப் போடவில்லை.

2018 ஜூன் 29 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் நீக்கத்தை இடைநிறுத்தி இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது. அதன் விளைவு விசித்திரமானது. முதலமைச்சரோடு நான்கு அமைச்சர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். டெனீஸ்வரனும் அமைச்சர் என்றால் ஐந்தாகும், சட்டமோ நான்குக்கு மேல் அனுமதிக்காது. யார் அமைச்சர், யார் இல்லை, அமைச்சர் சபை கூடலாமா என்பதே தகராறாக மாறியது. முதலமைச்சர், ஆளுநர், அவைத்தலைவர் சி.வி.கே. சிவஞானம் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு விளக்கம் சொன்னார்கள். முதலமைச்சர் மீது நீதிமன்ற அவமதிப்பு வழக்கும் வந்தது. சபையின் ஆயுளில் அப்போது மிஞ்சியிருந்தது நான்கு மாதம். அதுவும் இதில் கழிந்தது.

2018 ஒக்டோபர் 24 இல் சபையின் பதவிக்காலம் முடிந்தது. அன்றே விக்னேஸ்வரன் தமிழ் மக்கள் கூட்டணியை அறிவித்தார். 2019 ஓகஸ்ட் 5 இல், டெனீஸ்வரனை நீக்க முதலமைச்சருக்கு அதிகாரம் இருக்கவில்லை என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பைப் பயன்படுத்த அப்போது அமைச்சரும் இல்லை, முதலமைச்சரும் இல்லை, சபையும் இல்லை.

இந்தத் தீர்ப்பின் பொருளை நம் அரசியல்வாதிகள் போதிய அளவு பேசியதாகத் தெரியவில்லை. நியமிப்பவர் ஆளுநர், ஆகவே நீக்கமும் அவர் வழியாகவே போக வேண்டும் என்றால், ஊழல் செய்த மாகாண அமைச்சரைக்கூட மக்கள் தெரிவுசெய்த முதலமைச்சர் தன் கையெழுத்தால் மட்டும் அகற்ற முடியாது. 13ஆவது திருத்தம் காணி, பொலிஸ் அதிகாரங்களில் குறைபாடுடையது என்று நாற்பது வருடமாகச் சொல்லி வருகிறோம். சொந்த அமைச்சரைப் பொறுப்புக்கூற வைக்கும் அதிகாரத்திலும் அது ஓட்டையானது என்பதை நாம் கண்டுகொண்டது, நமக்குள் வழக்குப் போட்டபோதுதான்.

கொழும்பில் அதே வருடம்

ஒப்பிட்டுப் பார்க்க அதே ஆண்டில் தெற்கில் ஒரு சம்பவம் இருக்கிறது. மத்திய வங்கிப் பிணைமுறி விவகாரத்தை விசாரிக்க 2017 ஜனவரியில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன நியமித்த ஆணைக்குழுவிலும் மூவர்: உயர் நீதிமன்ற நீதியரசர்கள் இருவர், ஓய்வுபெற்ற பிரதிக் கணக்காய்வாளர் நாயகம் ஒருவர். வடக்கின் குழுவைப் போன்றதே அமைப்பு. வேறுபாடு அதிகாரத்தில் இருந்தது. அது 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்தது, சாட்சிகளை அழைக்கலாம், சட்டமா அதிபர் திணைக்கள அதிகாரிகள் திறந்த மண்டபத்தில் குறுக்கு விசாரணை செய்தார்கள். வெளிவிவகார அமைச்சராக இருந்த ரவி கருணாநாயக்க அங்கே சாட்சியமளிக்க வேண்டி வந்தது. ஆடம்பரத் தொடர்மாடி வீடு ஒன்றின் வாடகை பற்றிய கேள்விகளுக்குப் பிறகு, அறிக்கை வெளிவருவதற்கு முன்பே, 2017 ஓகஸ்ட் 10 இல் அவர் பதவி விலகினார். தான் தவறு செய்யவில்லை என்றே சொன்னார்.

இதைச் சொல்வது கொழும்பு சிறந்தது என்று காட்டுவதற்கல்ல. 2018 டிசெம்பரில் அதே ரவி கருணாநாயக்க மீண்டும் அமைச்சரானார். ஆனால் சாட்சியம் பகிரங்கமாக நடந்ததால், அமைச்சர் சொன்ன விடையை நாடு முழுவதும் கேட்டது. அதன் பிறகு அவரைப் பாதுகாக்கக் கட்சிக்கு இருந்த இடம் சுருங்கியது. வடக்கில் விசாரணை மூடிய அறைக்குள் நடந்தது. வெளியே வந்தது முடிவு மட்டும். முடிவை மட்டும் கேட்பவர்கள் தங்களுக்குப் பிடித்த தலைவரை நம்புவார்கள். நடந்ததும் அதுதான்.

இப்போது

2018 ஒக்டோபருக்குப் பிறகு வடக்கில் மாகாண சபைத் தேர்தல் நடக்கவில்லை. 2017 இல் தேர்தல் முறையை மாற்றிய சட்டமும், 2018 ஓகஸ்டில் பாராளுமன்றம் நிராகரித்த எல்லை நிர்ணய அறிக்கையும் தேர்தலைக் கட்டிப் போட்டன. கைதடி மண்டபத்தில் அமர்வு இல்லை. அமைச்சுகள் செயலாளர்களால் நடத்தப்படுகின்றன. அவர்களுக்கு மேலே ஆளுநர், அவருக்கு மேலே ஜனாதிபதி. 2017 இல் பதவி விலகச் சொல்வதற்காவது ஓர் அமைச்சர் இருந்தார். இன்று ஒரு பாடசாலைக்கு வந்த பணம் என்ன ஆனது என்று கேட்க மாகாண மட்டத்தில் தெரிவுசெய்யப்பட்ட ஒருவரும் இல்லை.

அடுத்த தேர்தல் எப்போது வந்தாலும் கூட்டமைப்பில் இருந்து பிரிந்தவர்களும் சேர்ந்தவர்களும் மீண்டும் வாக்குக் கேட்டு வருவார்கள். அவர்களிடம் கேட்கச் சில எளிய கேள்விகள் உண்டு. உங்கள் அமைச்சர்மீது முறைப்பாடு வந்தால் முதல் நாளே அவர் கதிரையை விட்டு விலகியிருப்பாரா? முதலமைச்சரின் துறைகளும் விசாரிக்கப்படுமா? சாட்சி சொல்லும் உத்தியோகத்தரை இடமாற்றத்திலிருந்து காப்பாற்றுவது யார்? சாட்சியம் பகிரங்கமாகக் கேட்கப்படுமா? இவற்றுக்கு அரசியலமைப்புத் திருத்தம் தேவையில்லை. கட்சிகள் தேர்தலுக்கு முன் எழுதிக் கையொப்பமிடக்கூடிய விடயங்கள் இவை.

அதுவரை ஒரு வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் மாகாண நிறுவனங்களுக்கும் பொருந்தும். அந்த விசாரணைக் குழுவின் அறிக்கையையோ, அது தொடர்பாகப் பின்னர் எடுக்கப்பட்ட நடவடிக்கைகளையோ கேட்டு, முதலமைச்சரின் அமைச்சின் தகவல் உத்தியோகத்தருக்கோ பேரவைச் செயலகத்துக்கோ எந்தப் பிரஜையும் தமிழில் விண்ணப்பிக்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர்கள் காரணம் கேட்க முடியாது. 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதன்பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம்.